பின்பக்கமாக ஏறிய வீடு

அத்தியாயம் பதினொன்று

பாஸ்கலுக்கு வலது மணிக்கட்டு நேற்றைவிட இன்று பெருத்திருந்தது. விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. கையை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்தால் நெஞ்சு வலித்தது. பக்கத்தில் போட்டால் தோள் வலித்தது. விடியும் நேரத்தில் உடம்பில் எங்கே வலி இல்லை என்று தேடிப் பார்த்தான். இடது கால் கட்டைவிரல் மட்டும் சும்மா இருந்தது.

ஒரு லாரிக்குள் மூன்று பேர் படுப்பதற்கு ஒரு முறை உண்டு. குறுக்கே அடித்த பலகையில் பாஸ்கலும் அவன் மனைவி கத்தரினும். கீழே, தரையோடு முடுக்கிவைத்த தையல் மெசினுக்கும் தண்ணீர் டின்னுக்கும் நடுவில், பாஸ்கலின் அக்காள் நவமணி. அவள் காலை நீட்டினால் அடுப்பு இடிக்கும். ஒருவர் புரண்டால் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். வண்டியின் வில்லுப்பட்டைகள் அவ்வளவு தளர்ந்துபோயிருந்தன.

"ராவெல்லாம் புரண்டுக்கிட்டே இருந்தியேடா," என்றாள் நவமணி கீழேயிருந்து. "கப்பல்ல வந்தப்பகூட நான் இவ்வளவு ஆடலை."

"கை வலிக்குதுக்கா."

"வலிக்கும். பத்து வருசமா வண்டிக் கைப்பிடியச் சுத்துறவன், நேத்து மட்டும் எப்படிடா மறந்தே?"

கத்தரினும் அதையேதான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஸ்டியரிங்குக்கு இடது பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. அதை மேலே தள்ளிவிட்டுத்தான் முன்னால் போய், எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தள்ளாமல் சுற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். கை முறியும். குடிகாரன்கூட மறக்காத காரியம் அது. பாஸ்கல் குடிக்கிறவன் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாஸ்கல் ஒரு தோட்டத்தில் துரையின் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். கார் பழுது பார்க்கிற ஆயுதப் பெட்டி ஒன்று காணாமல் போனது. எடுத்தவன் யாரென்று தெரிந்த ஒரே ஆள் கத்தரினின் அண்ணன் லூர்துசாமி. அவன் வாயைத் திறக்கவில்லை. பழி பாஸ்கல்மேல் விழுந்து வேலை போனது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் அன்றைக்கே போகும். சட்டிபானையோடு சடக்கில், நடுரோட்டில், நின்றார்கள்.

காட்டில் நிலம் அளக்கப் போன துரை ஒருவர், படுத்துத் தூங்குவதற்காகப் பலகைச் சுவரும் தகரக் கூரையும் அடித்துவைத்திருந்த லாரி இது. அவர் சீமைக்குத் திரும்பும்போது, இனிமேல் ஓடாது என்று பாஸ்கலிடம் தள்ளிவிட்டுப் போனார். ஓடியது. அன்றிலிருந்து இதுதான் வீடு. தோட்டம் தோட்டமாகச் சம்பள நாள் பார்த்துப் போவார்கள். கத்தரின் சட்டையும் ரவிக்கையும் தைப்பாள். நவமணி பொத்தான் துளை கட்டுவாள். பாஸ்கல் வண்டி சாகாமல் பார்த்துக்கொள்வான்.

இன்று சனிக்கிழமை. ஈப்போவில் லாரிகளைப் பரிசோதிக்கிற ஆபீஸ் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தும். அதற்குள் போய்ப் பிரேக் பிடிக்கிறது என்று காட்டி, ஆறு மாதத்துக்குக் காகிதம் வாங்க வேண்டும். பழைய காகிதம் இன்றோடு சரி. காகிதம் இல்லாத லாரி சர்க்கார் சடக்கில் ஓடக் கூடாது. ஓடாத லாரி எட்டாவது மைல் கல்லருகே இருக்கிற இந்த எட்டாங்கட்டைத் தோட்டத்து ஓரத்தில் நிற்கவும் கூடாது. திங்கட்கிழமையும் நின்றால் மாட்டைப் பூட்டி இழுத்து, ஈயம் தோண்டிய பள்ளத்து ஈயக்குட்டையில் தள்ளச் சொல்வேன் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். விளையாட்டுக்குப் பேசுகிற துரை இல்லை அவர்.

பிரேக் பிடிக்கவில்லை.

*

ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மணி அடித்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் வாளியோடு கித்தாக் காட்டுக்குள் போன பிறகு, சன்னாசி வந்தான். தோட்டத்து மெசின் கொட்டகையில் எஞ்சின் பார்க்கிறவன். முப்பது வயதிருக்கும். தோளில் கிடந்த துண்டுக்குள் ஏதோ சுருட்டி வைத்திருந்தான். துண்டெல்லாம் எண்ணெய்.

"நீங்க கேட்டது ஒன்றரை முழம் இருக்குண்ணே. நேத்து ராத்திரி வெட்டுனதிலிருந்து எண்ணெயிலயே ஊறப் போட்டு வச்சிருந்தேன்."

பிரித்தான். தடித்த நெசவுப் பெல்ட்டு. எஞ்சினிலிருந்து கித்தாப் பால் கட்டியைத் தகடாக அழுத்துகிற மெசினுக்குச் சுற்றுகிற பெல்ட்டு.

"எந்த மெசினோடது?" என்று கேட்டாள் கத்தரின்.

"ரெண்டாம் நம்பருக்கா. இலை உதிர்ந்து பால் இல்லாம மெசினு படுத்துக் கெடக்கு. இன்னும் ஒரு மாசம் யாரும் தொடமாட்டாங்க. அதுக்குள்ள அண்ணன் எங்கயாச்சும் ஒரு துண்டு தேடிக் குடுத்தா, இணைச்சு மாட்டிருவேன்."

"அதுக்குள்ள யாராச்சும் பாத்தா?"

"சுருட்டி ஆணியில மாட்டியிருக்கு. சுருட்டுனதுல நீளம் யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா நான் லயத்தைக் காலி பண்ணணும். அப்ப உங்க வண்டியில எனக்கும் எம் பொண்டாட்டி இருளாயிக்கும் ஒரு மூலை குடுங்க."

அவன் சிரித்தான். நவமணி, "இங்க எங்கடா மூலை இருக்கு, என் தலைமேல படு," என்றாள். பாஸ்கல் சிரிக்கவில்லை. சன்னாசியின் முகத்தையும் பார்க்கவில்லை. இடது கையால் பெல்ட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

கை வலி, என்று நினைத்துக்கொண்டாள் கத்தரின்.

"இருளாயி எப்படி இருக்கா?"

"கஞ்சி குடிக்கிறா, என்னைய ஏசுறா. நல்லா இருக்கான்னுதான் அர்த்தம். அன்னிக்கு இந்த லாரியில போட்டு பத்துகாஜா ஆஸ்பத்திரிக்கு நீங்க கொண்டுட்டுப் போகலேன்னா ஏசுறதுக்கு ஆளு ஏதுக்கா?" துண்டை உதறித் தோளில் போட்டான். "நான் வாரேன். பால் வர்றதுக்குள்ள எஞ்சினக் கிளப்பணும்."

நாலு அடி போனவன் திரும்பினான். "அண்ணே, சாயங்காலம் கையக் காட்டுங்க. எங்க கங்காணி நல்லா உருவி விடுவாரு."

பாஸ்கல் தலையை மட்டும் ஆட்டினான்.

*

அந்த அமெரிக்க லாரிக்கு மூன்று மிதி. ஒன்று முன்னால் மெதுவாகப் போக, ஒன்று பின்னால் போக, ஒன்று நிற்க. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் இரும்புப் பட்டை உண்டு. மிதித்தால் அது சுற்றுகிற உருளையை வளையல் மாதிரிப் பிடித்து இறுக்கும். பட்டையின் உள்பக்கம் தடித்த நாடா வைத்துச் செம்பு ஆணி அடித்திருக்கும். நாடா தேய்ந்துபோனால் இரும்பை இரும்பு உரசும். சத்தம் வரும், வண்டி நிற்காது.

கத்தரின் பெல்ட்டைத் தையல் பலகையில் விரித்து, சுண்ணாம்புத் துண்டால் கோடு போட்டாள். இரண்டு ஓரமும் நைந்து நூல் பிரிந்திருந்தது.

"ரெண்டு பட்டைக்கு வராது. நடுவுல ஒரு பட்டைதான் தேறும்."

"முன்னால போற பட்டையும் தேஞ்சுதான் கெடக்கு," என்றான் பாஸ்கல்.

"அப்ப எதுக்குப் போடுறது?"

"பிரேக்குக்குப் போடு. ஆபீஸ்ல அதைத்தான் மிதிக்கச் சொல்லுவாங்க."

"பெரிய சடக்குக்குப் போற அந்த மேட்டுல எப்படி ஏறுறது?"

"பின்னால போற பட்டை அதிகம் ஓடாத பட்டை. அது புதுசாத்தான் இருக்கு. பின்பக்கமா ஏறிரலாம்."

நவமணி தலையில் கை வைத்தாள். "மூணு வருசம் முன்னால போயே ஒண்ணும் காணோம். இப்பப் பின்னால வேற."

கால் வைக்கிற பலகைகளைக் கழற்றி, அதற்குக் கீழே இருந்த இரும்பு மூடியைத் திறந்தார்கள். உள்ளே கை போவதற்கு ஒரு புத்தகம் அளவு இடம். பாஸ்கலின் இடது கை போனது, ஆனால் திருகத் தெரியவில்லை. வலது கை உள்ளேயே நுழையவில்லை.

"நவுருங்க," என்றாள் கத்தரின்.

"மரை ஒண்ணு உள்ள விழுந்துச்சுன்னா எஞ்சினையே பிரிக்கணும். தெரியும்ல?"

"விழாது."

அவள் பழைய பாவாடைத் துணியை உருளைக்கு அடியில் சுற்றிலும் அடைத்தாள். பிறகு தடித்த நூலை எடுத்து, ஒவ்வொரு மரையையும் கழற்றுவதற்கு முன்னால் அதன் கழுத்தில் முடிச்சுப் போட்டு, மறு நுனியைத் தன் வளையலில் கட்டிக்கொண்டாள். மூன்றாவது மரை எண்ணெயில் வழுக்கி விழுந்தது. நூலில் தொங்கியது. அவள் மீன் இழுப்பதுபோல் மேலே இழுத்தாள்.

"இத எங்க கத்துக்கிட்டே?"

"ஊசி தொலைஞ்சா உங்க அக்கா ஏசுவாங்கல்ல. அங்க."

பட்டை வெளியே வந்தது. பழைய நாடா கருகி வெற்றிலை நரம்புபோல் இருந்தது. கத்தரின் பழைய ஆணிகளைத் தட்டி எடுத்து, பெல்ட்டுத் துண்டைப் பட்டைக்குள் வளைத்துப் பொருத்தினாள். குத்தூசியால் துளை போட்டாள். நவமணி ரயில் தண்டவாளத் துண்டின்மேல் வைத்துச் செம்பு ஆணிகளை அடித்தாள். ஆணித்தலை நாடாவுக்குள் புதைய வேண்டும், வெளியே துருத்தினால் உருளையைக் கீறிவிடும். ஒவ்வொன்றையும் பாஸ்கல் இடது கை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது துருத்துது."

நவமணி இன்னும் ஓர் அடி போட்டாள்.

"இதுவும்."

"உன் மூக்குகூடத்தான் துருத்துது," என்று சொல்லிக்கொண்டே அடித்தாள்.

திரும்பவும் உள்ளே மாட்டி முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. கத்தரினுக்கு முழங்கைவரை கறுப்பு எண்ணெய். முதுகு நிமிரவில்லை. காலையிலிருந்து யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை. நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி நின்றபடியே குடித்தார்கள்.

*

தோட்டத்து மண்சடக்கு பெரிய சடக்கில் சேருகிற இடத்தில் கால் கட்டை தூரத்துக்கு ஒரு மேடு. மாட்டு வண்டிக்காரர்கள் கீழே இறங்கித் தள்ளுகிற மேடு.

லாரியைத் திருப்பி, அதன் முதுகை மேட்டுக்குக் காட்டி நிறுத்தினார்கள். வீட்டின் பின்கதவை முழுக்கத் திறந்து கட்டினார்கள். ஓட்டுகிற இடத்துக்குப் பின்னாலிருந்த சின்னப் பலகைக் கதவையும் திறந்தார்கள். பாஸ்கல் கழுத்தைத் திருப்பினான். மாதா படத்துக்கும் தையல் மெசினுக்கும் நடுவில், அடுப்பைத் தாண்டி, வீட்டின் மறுபக்கத்தில் செம்மண் சடக்கு மேலே ஏறிப் போவது தெரிந்தது.

நவமணி லாரியின் முகத்துக்கு முன்னால் நின்றாள். கையில் முக்கோணமாக வெட்டிய கித்தாக் கட்டை. வண்டி திரும்பி இறங்கினால் முன் சக்கரத்துக்கு அடியில் போடுவது அவள் வேலை. மூன்று வருஷமாக எந்த மேட்டிலும் அவள்தான். இருபது வருஷம் பால் வெட்டித் தேய்ந்த முழங்கால்களோடு.

"கம்பியை மேல தள்ளிட்டீங்களா?" என்று கத்தரின் முன்னாலிருந்து கேட்டாள்.

"தள்ளிட்டேன்."

"கையால தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"தொட்டுட்டுத்தான் சொல்றேன்லா."

அவள் இடது கையால், கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, கைப்பிடியை மேல்நோக்கி இழுத்தாள். நாலாவது தடவையில் எஞ்சின் பிடித்தது. ஓடி வந்து பாஸ்கலுக்குப் பக்கத்தில் ஏறி, எட்டி எண்ணெய்க் கம்பியைப் பிடித்தாள். பாஸ்கலுக்கு மிதிக்கக் கால் இருந்தது, திருப்ப ஒரு கை இருந்தது. எண்ணெய் கூட்டிக் குறைக்கத்தான் கை இல்லை.

"கூட்டு."

கூட்டினாள்.

"இன்னும் கொஞ்சம். போதும். கொறை. கொறைன்னா செத்துப்போற அளவுக்கு இல்ல, கொஞ்சம் கொறை."

வீடு பின்பக்கமாக ஏறியது. தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் முன்னால் சரிந்து வந்து அவர்கள் முதுகில் இடித்தன. நவமணி லாரியின் முகத்தைப் பார்த்தபடி, அதோடு பேசிக்கொண்டே ஏறினாள். "போ. போ. நிக்காதே. உனக்கு எண்ணெய் ஊத்துறோம், எனக்கு யாரு ஊத்துறா. போ."

பாதி மேட்டில் எஞ்சின் இருமியது. கத்தரின் கம்பியைக் கூட்டினாள். நேரம் கடந்துவிட்டது. எஞ்சின் அணைந்தது.

ஒரு கணம் லாரி அப்படியே நின்றது. பிறகு கீழ்நோக்கி உருளத் தொடங்கியது.

நவமணி கட்டையைப் போடக் குனிந்தாள். முழங்கால் மடங்கவில்லை. சரளைக்கல்லில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். கட்டை உருண்டு பள்ளத்தில் விழுந்தது. முன் சக்கரம் அவளைப் பார்த்து வந்தது.

பாஸ்கல் பிரேக்கை மிதித்தான். இடுப்பை இருக்கையிலிருந்து தூக்கி, முழு உடம்பையும் ஒற்றைக் காலில் வைத்து மிதித்தான்.

லாரி முக்கியது. எண்ணெய் கருகிய வாடை வந்தது. நின்றது.

நவமணியின் பாதத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை வைக்கலாம். அவள் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி," என்று கத்தரின் குதித்து ஓடினாள்.

"ஒண்ணுமில்ல. தூக்கு என்னை." எழுந்து சேலையைத் தட்டினாள். "நின்னுச்சே. சன்னாசி பெல்ட்டு நின்னுச்சு."

பாஸ்கல் காலை எடுக்கவில்லை. தொடை துடித்துக்கொண்டிருந்தது. கத்தரின் கட்டையைத் தேடி எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்த பிறகுதான் மூச்சு விட்டான்.

"அந்தப் பெல்ட்டு இல்லேன்னா," என்று ஆரம்பித்தாள் கத்தரின்.

"ஏறு," என்றான் பாஸ்கல். "மணி ஆகுது."

*

பெரிய சடக்கு சமதரை. தேய்ந்த பட்டையை வைத்தே முன்பக்கமாக ஓட்டினான். ஈப்போ ஆபீஸ் முற்றத்தில் நிற்கும்போது பன்னிரண்டரை. முன்னால் நாலு லாரிகள் நின்றன. எல்லாம் ஈயச் சுரங்கம் வைத்திருக்கிற சீன முதலாளிகளான தவுக்கேக்களின் லாரிகள். எதிலும் அடுப்பு இல்லை.

பரிசோதிக்கிற போலீஸ் சார்ஜன் பெரிய மீசைக்காரர். லாரியைச் சுற்றி வந்தார். பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். நவமணி உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி உரித்தாள்.

"இது லாரியா, வீடா?" என்று மலாயில் கேட்டார்.

"லாரிதான் ஐயா. நாங்க இறங்குறதில்லை, அவ்வளவுதான்," என்றான் பாஸ்கல், தெரிந்த மலாயில்.

சார்ஜன் சிரிக்கவில்லை. முற்றத்தின் நடுவில் இருந்த வெள்ளைக்கோட்டைக் காட்டினார். அதுவரைக்கும் வேகமாக வந்து, கோட்டில் நிற்க வேண்டும்.

பாஸ்கல் வலது கையை ஸ்டியரிங்குமேல் வைத்துத் துண்டால் மூடியிருந்தான். கத்தரின் கை அந்தத் துண்டுக்கு அடியில் எண்ணெய்க் கம்பியைப் பிடித்திருந்தது. பார்க்கிறவனுக்கு வெட்கமில்லாத பெண்சாதி மாதிரி தெரிந்திருக்கும். தெரியட்டும்.

"பெரெந்தி," என்று கையைக் காட்டினார் சார்ஜன். நில்.

மிதித்தான். நின்றது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.

சார்ஜன் குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். இன்னொரு தடவையும் நின்றது. பிறகு ஜன்னல் வழியாகக் காகிதம் வந்தது. ஆறு மாதம். ஊதா மை இன்னும் காயவில்லை.

கத்தரின் அதை வாங்கி, மை ஒட்டாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். உட்கார்ந்தாள். மூன்று நாளாக நிமிர்த்திவைத்திருந்த உடம்பு அப்படியே கீழே இறங்கியது. அழுகையெல்லாம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

*

எண்ணெய்க் கடையில் பெட்ரோல் டின் வாங்க நிறுத்தினார்கள். கடை வாசலில் எட்டாங்கட்டைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி யேசுதாசன் நின்றார். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் உட்காருகிறவர்.

"என்ன பாஸ்கலு, காகிதம் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுங்க ஐயா."

"தேவனுக்குத் தோத்திரம். கைக்கு என்ன? நேத்துச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுக்கப்புறம்தான். எஞ்சின் உதைச்சிருச்சு."

கத்தரின் டின்னைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"பாத்து நடந்துக்க. எனக்கும் இன்னிக்கு அலைச்சல்தான். நேத்து உன்கிட்ட சொன்னேன்ல, காடு பூரா புது இலை விட்டாச்சு, துரை அவசரப்படுறாரு. திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு ரெண்டாம் நம்பர் மெசினு ஓடணுமாம். அதுக்குத்தான் எண்ணெய் வாங்க வந்தேன். பெல்ட்டு பழசு. புதுசு பினாங்குலேருந்து வர பதினஞ்சு நாளாகுமாம். அதுவரைக்கும் இருக்கிறதை வச்சு ஓட்டுன்னு சன்னாசிகிட்டச் சொல்லணும். சாயங்காலம் போய்ச் சொல்றேன்." குடையை விரித்தார். "வரட்டுமாம்மா."

கத்தரின் வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் அது சன்னாசியைப் பிடித்துக் கொடுப்பதாகத்தான் முடியும். மூடிக்கொண்டாள். கிராணி போய்விட்டார்.

பாஸ்கல் டின்னின் மூடியை இடது கையால் திருகிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"உங்களுக்கு நேத்தே தெரியும்," என்றாள்.

அவன் டின்னை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"அங்கேருந்து வந்துதான் கைப்பிடியச் சுத்துனீங்க. கம்பியத் தள்ள மறந்தது அதனாலதான்."

"வெயில்ல நின்னு என்ன பேச்சு. ஏறு."

"சாயங்காலம் உங்களுக்குத் தெரியும். சன்னாசி அதுக்கப்புறம்தான் வெட்டுனான். மெசின் கொட்டகை எவ்வளவு தூரம்? கூப்பிட்டாக் கேக்குற தூரம்."

"கை முறிஞ்சு கெடந்தேன்."

"கால் முறியலையே."

பாஸ்கல் டின்னைக் கீழே வைத்தான். "போய்ச் சொல்லியிருந்தா வெட்டியிருக்க மாட்டான். அவன் வெட்டலேன்னா இன்னிக்குக் காகிதம் இல்ல. திங்கட்கிழமை நாம மூணு பேரும் ஈயக்குட்டைக் கரையில உக்காந்திருப்போம். அக்காவ எங்க படுக்கவைக்கிறது? கடை வாசல் ஐந்தடி நடையில? அத நினைச்சேன். வேற எதையும் நினைக்கல."

"காலையில அவன் மூஞ்சியக்கூடப் பாக்கல நீங்க."

"பாக்க முடியல."

தெருவில் ரிக்ஷாக்கள் போய்க்கொண்டிருந்தன. கத்தரின் குரலை உயர்த்தவில்லை. உயர்த்துவதற்குத் தெம்பும் இல்லை.

"மூணு வருசமா எங்கண்ணன் பேரச் சொல்லி என்னைய ஏசுறீங்க. சோத்துல உப்பு கூடுனாலும் லூர்துசாமி, மழையில கூரை ஒழுகுனாலும் லூர்துசாமி. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் லயம் போயிருக்காதுன்னு. அவனுக்கும் புள்ளகுட்டி இருந்துச்சு. அவனும் இதத்தான் நினைச்சிருப்பான்."

பாஸ்கல் வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்கதவில் நவமணியின் தலை தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அந்த வீட்டில் கேட்காமல் இருக்க வழி இல்லை.

"காம்பாருக்குப் போலாம்," என்றாள் மெதுவாக. "அங்க செவ்வாய்க்கிழமை சம்பளம்."

"காம்பாருக்கு எந்த வழி அண்ணி?"

வழி ஒன்றுதான். எட்டாங்கட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"பெல்ட்டைக் கழட்டிக் குடுத்தா," என்றான் பாஸ்கல், தன்னிடமே பேசுவதுபோல், "வண்டி நிக்காது. காகிதம் இருக்கும், பிரேக் இருக்காது. அந்த மேட்டு அடியிலேயே கெடக்கும். துரை மாட்டைப் பூட்டச் சொல்லுவாரு."

"குடுக்கலேன்னா?"

"சன்னாசி லயத்தைக் காலி பண்ணணும்."

"அவங்களுக்கு லாரி இல்ல," என்றாள் கத்தரின்.

முன்னால் போனாள். கைப்பிடியை எடுத்துத் துளையில் செருகினாள். இடது உள்ளங்கையில் காலையில் எழும்பிய கொப்புளம் உடைந்திருந்தது. அதன்மேலேயே பிடித்தாள்.

"கம்பிய மேல தள்ளுங்க."

பாஸ்கல் ஏறி உட்கார்ந்து தள்ளினான்.

"தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"தொட்டுட்டேன்."

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவனைப் பார்க்காமல், எண்ணெய்க் கம்பியைப் பிடித்தாள். அவன் கூட்டு என்றான். அவள் கூட்டினாள். லாரி கோப்பேங் போகிற பெரிய சடக்கில் திரும்பியது. இடது பக்கம் சுண்ணாம்பு மலைகள். சடக்கோரத்தில் ஏழாங்கட்டைக் கல், அதற்கடுத்தது எட்டு.

மாதா படத்துக்குப் பின்னால் ஆறு மாதத்துக்கான காகிதம் இருந்தது. காலுக்குக் கீழே, எண்ணெயில் சுற்றுகிற உருளையைச் சுற்றி, கத்தரின் வெட்டி நவமணி ஆணி அடித்த பெல்ட்டுத் துண்டு இருந்தது.

சன்னாசிக்கு ஒன்றரை முழம் பெல்ட்டு. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குள். கொடுக்க வேண்டியவன் பாஸ்கல்.